கொலைக்களத்தில் எழுந்த குடியரசு

அரண்மனைக் கதைகளுக்கு நம் நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. கொட்டகையிலே திரை விலகும், கொலுமண்டபம் தோன்றும், கொடியவன் ஒருவன் மீசையை முறுக்குவான், குடிகள் கண்ணீர் வடிப்பர். கடைசிக் காட்சியிலே கொடியவன் வீழ்வான். வீழ்ந்ததும் என்ன நடக்கும்? நல்லவன் ஒருவனின் தலையிலே அதே முடி ஏறும், வீழ்ந்தவன் அமர்ந்திருந்த அதே அரியணையில் அவன் அமர்வான், "வாழ்க மன்னர்!" என மக்கள் முழங்குவர்; நாமும் கைதட்டிவிட்டு வீடு திரும்புவோம். தலை மாறிற்று, முடி மாறவில்லை!

நம்மவர் எழுத்தும் இதற்கு முழு விலக்கு அன்று. 1950-இல் வெளிவந்த 'மந்திரிகுமாரி'யை எண்ணிப் பாருங்கள். அரசன் அங்கே ஏமாளி, கயவன் இராஜகுரு. மதத்தின் பெயரால் நடக்கும் கொள்ளையை அம்பலப்படுத்திய அந்தப் படம் செய்த தொண்டு பெரிது. ஆயினும் அரியணை அங்கே கவிழவில்லை. அரசன் அருகிலிருந்து தீயவனை அகற்றிவிட்டால் நாடு நலம் பெறும் என்ற நம்பிக்கை, படம் முடிந்த பின்னும் பார்த்தவன் நெஞ்சிலே பத்திரமாக இருந்தது. அந்த நம்பிக்கைதானே ஆயிரம் ஆண்டுகளாக அரியணைகளைத் தாங்கி நின்ற ஐந்தாவது கால்!

அரசனை மாற்றுவதோடு நில்லாமல் அரசையே மாற்றிக் காட்டிய தமிழ்க் காவியம் ஒன்று உண்டு. புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் 1937-இல் தந்த 'புரட்சிக்கவி'. அளவிலே சிறியது, ஒரு மாலைப் பொழுதிலே படித்து முடித்துவிடலாம். மேடைதோறும் அதன் அடிகள் முழங்கியதால், அதை ஆராய வேண்டிய தேவையில்லை என்ற எண்ணம் நம்மிடையே படர்ந்துவிட்டது. முழங்கப்படும் பாட்டு எல்லாம் படிக்கப்படும் பாட்டு ஆகிவிடுமா?

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரிலே, புறவழிச் சாலை ஜி.எஸ்.டி. சாலையோடு கூடும் இடத்துக்குச் சற்றுத் தொலைவில், படிப்பு வட்டம் ஒன்று கூடுகிறது. கூடுவோரில் சிலர் கல்லூரி மாணவர். சிலர் சானடோரியத்தில் உள்ள ஏற்றுமதி வளாகத்தின் தொழிற்கூடங்களில் வேலை முடித்து, கைகால் கழுவிவிட்டு வந்து அமர்பவர். அங்கே 'புரட்சிக்கவி' படிக்கப்பட்ட நாளில் தொழிலாளித் தோழர் ஒருவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "ஒரு கவிஞனின் தலை போகப் போகிறது என்பதற்காக ஒரு நாடே எழுகிறது என்கிறீர்கள். பசி எங்கே? கூலி எங்கே? காதல் கதைக்குக் கடைசியில் புரட்சியை ஒட்ட வைத்ததுபோல் இருக்கிறதே!" என்றார் அவர். சிலர் சினந்தனர். சினக்க என்ன இருக்கிறது? நல்ல கேள்வி. அது விளையாட்டுக் கேள்வியும் அன்று. சொற்பொழிவு ஒன்றே முடியரசைக் கவிழ்த்துவிடும் என நம்புகிறவன் ஒலிபெருக்கியோடு நின்றுவிடுவான். வறுமை முற்றினால் தானாகவே புரட்சி வெடிக்கும் என நம்புகிறவன் கைகட்டிக் காத்திருப்பான். இருவரும் வீட்டிலே இருப்பவர்களே! ஆகவே, மக்கள் எதனால் எழுகிறார்கள் என்று இந்தக் காவியம் கூறுகிறது என்பதைத் துருவிப் பார்ப்பது தேவையாகிறது.

முதலில் மூலக்கதை. பில்கணன் பதினோராம் நூற்றாண்டிலே வாழ்ந்த காசுமீரத்து வடமொழிக் கவிஞன். கல்யாணியைத் தலைநகராகக் கொண்ட சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைப்புலவன். அவன் பெயரைச் சுற்றிப் பின்னாளில் ஒரு கதை பின்னப்பட்டது. இளவரசிக்குப் பாடம் சொல்லப் போனவன் அவள் உள்ளத்தைக் கவர்ந்தான். மன்னன் மரண தண்டனை விதித்தான். கொலைக்களம் செல்லும் வழியில் காதலியை நினைந்து அவன் பாடிய பாடல்களைக் கேட்டு மன்னன் மனம் இளகினான். மகளையே மணம் முடித்து வைத்தான். பெரும்பாலும் இப்படித்தான் கதை முடியும். எவ்வளவு இனிய முடிவு! யாருக்கு இனிய முடிவு? அரசன் கொல்லவும் வல்லவன், மன்னிக்கவும் வல்லவன் என்று நிலைநாட்டிவிட்டதால் அரசனுக்கு இனிய முடிவு. அரண்மனையின் வாயிலிலே நின்ற புலவன் அரண்மனைக்குள்ளே புகுந்துவிட்டதால் அவனுக்கும் இனிய முடிவு. கொலைக்களத்திலே கூடி நின்ற மக்களுக்கு? வேடிக்கை பார்த்துவிட்டு வீடு செல்லலாம்.

பாரதிதாசன் கைவைத்தது அந்த மன்னிப்பிலே! பாடல் கேட்டு மனம் இளகும் மன்னன் அவருக்குத் தேவைப்படவில்லை. கவிஞன் உதாரன் பாடுவதும் மன்னனை நோக்கி அன்று. அவன் முகம் திரும்பியிருப்பது மக்களை நோக்கி. கதையின் அச்சே அங்கே முறிந்து வேறு திசையில் சுழல்கிறது.

கொலைக்களத்துக்குப் போகுமுன் அந்தத் திரையைச் சற்று நின்று பார்ப்போம். மூலக்கதையிலே அது ஒரு சுவையான தந்திரம். பாரதிதாசன் கையிலே அது ஒரு சமுதாயப் படம். இளவரசி அமுதவல்லி கவிபாடக் கற்க வேண்டும், கற்பிக்க வல்லவன் உதாரன், இருவரோ இளையோர். என்ன செய்வது? நடுவிலே திரை தொங்குகிறது. திரை மட்டும் போதாது என்பது அமைச்சனுக்குத் தெரியும். துணியை விலக்க ஒரு விரல் போதுமே! ஆகவே அவளிடம் "கவிஞன் குருடன்" என்று சொல்லப்படுகிறது. அவனிடம் "இளவரசி பெருநோயாளி" என்று சொல்லப்படுகிறது. குருடனை அவள் காண விரும்பமாட்டாள். பெருநோய் கொண்டவளை அவன் காண விரும்பமாட்டான். ஒரு திரை, இரண்டு பொய்கள்!

ஆதிக்கம் நெடுநாள் நிலைக்கும் முறை இதுதான். மதில் எழுப்பிப் பிரிப்பது செலவு மிகுந்த வேலை. காவலுக்கு ஆள் வேண்டும். காவலனுக்குக் கூலி வேண்டும். இவனிடம் "அவன் தீட்டு" என்றும் அவனிடம் "இவன் அறிவிலி" என்றும் ஓதிவிட்டால் கூலியில்லாக் காவலர் இருபுறமும் கிடைத்துவிடுகின்றனர். உழுகிறவனையும் நெய்கிறவனையும், நெய்கிறவனையும் வெளுக்கிறவனையும், ஒருவர் முகத்தை ஒருவர் பாராதபடி வருணத் திரை தொங்கவிட்ட நாட்டிலே பிறந்த கவிஞருக்கு இந்தப் பொய்களின் பொருள் புரியாமலா இருந்திருக்கும்? திரை இன்னும் முற்றிலும் அறுந்துவிடவில்லை. வீட்டு வேலைக்கு வருவோர் இந்த மின்தூக்கியில் ஏறலாகாது என்ற பலகையை நம் நகர்களின் அடுக்குமாடி வாயில்களிலே கண்டவர் உண்டு. தரை துடைக்கும் கை தூய்மையானது. மின்தூக்கியின் பொத்தானை அழுத்தும்போது மட்டும் அதே கை அழுக்காகிவிடுகிறதாம்!

திரையை விலக்குவது எது? வாளும் அன்று, வஞ்சகமும் அன்று, முழுநிலவு. வானத்து நிலவைக் கண்டு உதாரன் தன்னை மறந்து பாடுகிறான். "குருடன் நிலவைக் கண்டது எப்படி?" என்ற ஐயம் அமுதவல்லிக்கு எழுகிறது. ஐயம் எழுந்த கணமே திரை விலகுகிறது. கேட்டதை நம்பாமல் கண்டு தெளிய வேண்டும் என்ற துணிவு, இந்தக் காவியத்திலே ஒரு பெண்ணிடம்தான் முதலில் பிறக்கிறது. பிறகு அரசவையிலே நின்று அவள் தொடுக்கும் வாதமும் அதே துணிவின் வளர்ச்சி. காதல் குற்றமெனில் குற்றவாளிகள் இருவர் அல்லவா? ஒருவனுக்கு மட்டும் தண்டனை ஏன்? மனிதருள் அரச சாதி என்று தனியே ஒன்று உண்டோ? தந்தையை நோக்கி மகள் கேட்கும் கேள்வியாக அது தொடங்குகிறது. அரசை நோக்கிக் குடிமகள் கேட்கும் கேள்வியாக முடிகிறது. இந்தக் காவியத்தைப் பற்றிப் பேசுவோர் உதாரனின் உரைக்கு ஓடிவிடுகின்றனர்; அமுதவல்லியின் வாதத்தை அரை நிமிடத்தில் கடந்துவிடுகின்றனர். அது முறையன்று.

இப்போது கொலைக்களம். இங்கேதான் இரும்புலியூர்த் தோழரின் கேள்விக்கு விடை இருக்கிறது.

உதாரன் எதிலே தொடங்குகிறான் என்று கவனியுங்கள். "என்னைக் காப்பாற்றுங்கள்" என்று தொடங்கவில்லை. காதலின் உயர்வைப் பற்றியும் தொடங்கவில்லை. காடாகக் கிடந்த நிலத்தைத் திருத்தியவர் யார் என்று தொடங்குகிறான். விலங்கும் பாம்பும் உலவிய பாழ்நிலத்திலே ஊரை உண்டாக்கியவர் எவர்? வரப்பிட்டு, வாய்க்கால் வெட்டி, ஆற்றைத் தேக்கி, உழுது உழுது நெல் விளைத்த தோள் எவருடையது? மலையைப் பிளந்து கருவி செய்த கை எவர் கை? கடலடியில் மூச்சடக்கி முத்தெடுத்தவர் எவர்? அரசன் மார்பிலே புரளும் முத்துமாலையை மக்கள் அதுவரை அரசனின் அணியாகக் கண்டனர். அந்தக் கேள்விக்குப் பின் அதிலே ஒருவனின் அடக்கப்பட்ட மூச்சைக் காண்கின்றனர். சாவின் விளிம்பிலே நிற்கும் ஒருவன் பொருளாதாரப் பாடம் நடத்துகிறானே என்று வியக்கலாம். அவன் திறப்பது கணக்கேடு! எவன் உழைத்தான், எவன் உண்டான் என்று பல தலைமுறை வரவு செலவை விரித்துக் காட்டிவிட்டு, அதன் கடைசி வரியாகத்தான் தன் தலையை எழுதுகிறான்.

ஆகவே மக்கள் எழுவது ஒரு தலைக்காக அன்று. ஒரு தலையைக் கண்டு பழைய கணக்கு முழுவதும் நினைவுக்கு வந்ததால் எழுகிறார்கள். பசி அங்கே இல்லை என்று தோழர் சொன்னாரே, பசி அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அதற்கு வாய் இல்லை. உதாரன் வாய் கொடுத்தான்.

அதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. அரசனுக்கும் தனக்கும் இடையே உள்ளதை ஒரு வழக்கு என்கிறான் உதாரன். அந்த வழக்கைத் தீர்க்க வேண்டியவர் பொதுமக்கள் என்கிறான். அரசனே நீதிபதியாக இருந்த நாட்டிலே அரசன் வழக்காளி ஆகிவிட்டான். குடிகள் நீதிபதிகள் ஆகிவிட்டனர். வாள் பறிக்கப்படுவது அதற்குப் பிறகுதான். முடி தலையிலிருந்து இறங்கியது வாள் ஓங்கியபோது அன்று, அந்த ஒரு சொல் பேசப்பட்டபோதே இறங்கிவிட்டது. பிறகு மக்கள் பொங்குகின்றனர். அரசன் ஆட்சியை இழக்கிறான். ஆட்சி எல்லார்க்கும் பொதுவாகிறது. வேறொரு அரசனுக்கு முடிசூட்டு விழா நடக்கவில்லை. உதாரனுக்கும் நடக்கவில்லை!

இந்த முடிவின் புதுமையை அறிய வேண்டுமானால் நம் பழைய காப்பியத்தை அருகிலே வைத்துப் பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்திலே அரசன் வீழ்கிறான். கண்ணகி வழக்குரைக்கிறாள், தவறு உணர்ந்த பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர்விடுகிறான், மதுரை எரிகிறது. அரசவையிலே தனியொரு பெண் நின்று அரசனைக் குற்றவாளியாக்கிய அந்தக் காட்சிக்கு ஈடு எங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் அதற்குப் பின் நடப்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் ஏனோ சொல்வதில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பட்டத்துக்கு வருகிறான். நகரின் துயரம் தீரவேண்டுமெனப் பத்தினிக்குச் சாந்தி செய்கிறான். எப்படி? பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு! தவறு செய்தவன் பொற்கொல்லன் ஒருவன்; ஆராயாமல் கொல்லச் சொன்னவன் அரசன். பழி தீர்க்கப்பட்டதோ அந்தத் தொழில் செய்து பிழைத்த ஆயிரம் பேர் மீது. தீயும் அப்படியே. பார்ப்பனரையும் பசுவையும் விட்டுவிடு என்று ஆணை பெற்றுத்தான் அது பரவுகிறது. பத்தினிப் பெண்டிரும் முதியோரும் குழந்தைகளும் அந்த விலக்கிலே இடம் பெற்றனர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைப்பது நம் வழக்கம் அன்று. ஆயினும் அரசனின் பிழைக்கு அரச குலம் தந்தது இரண்டு உயிர் என்றால் உழைப்பாளிகளின் குலம் தந்தது ஆயிரம் உயிர்! கண்ணகி பெருவணிகன் மகள். அவள் கேட்டது தன் கணவனுக்கு நீதி. நிலத்தைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் அவள் பேசவில்லை. பேச வேண்டிய நிலையிலும் இல்லை. கணக்கேடு திறக்கப்படாத இடத்தில் அரசன் மாறுவான், அரசு மாறாது.

புதுச்சேரியிலே வாழ்ந்த கவிஞருக்கு இந்தக் கணக்கேடு எங்கே கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ஃபிரெஞ்சு ஆட்சிப் பள்ளியிலே ஆசிரியராக இருந்தவர் அவர். 1789 அங்கே பாடப்புத்தகத்துச் செய்தி. வரியின் பெரும்பகுதியை உழவனும் தொழிலாளியும் சுமக்க, பிரபுக்களும் பாதிரிமார்களும் சலுகை பெற்று வாழ்ந்த நாடு ஃபிரான்சு. உப்புக்கும் வரி, திருச்சபைக்குப் பத்தில் ஒரு பங்கு. 1788-இல் விளைச்சல் பொய்த்தது; அடுத்த ஆண்டின் கோடையிலே ரொட்டி விலை உச்சிக்கு ஏறியது; 1789 அக்டோபர் 5 அன்று பாரிசு நகரத்துப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சேல்சு மாளிகைக்கு நடந்தனர்; மறுநாள் அரசனைத் தம்மோடு பாரிசுக்கு அழைத்து வந்தனர். 1793 சனவரியிலே பதினாறாம் லூயியின் தலை வீழ்ந்தது. ரொட்டி விலையையும் அரச மாளிகையின் வாயிலையும் ஒரே சாலை இணைத்ததை உலகம் அன்று கண்டது.

ஆனால் பாடப்புத்தகம் மட்டும் போதாது. 1936 சூலை 30 அன்று புதுச்சேரியிலே ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சவானா ஆலையிலே பன்னிரண்டு பேர் மாண்டனர். எட்டு மணி நேர வேலை அந்தக் குருதிக்குப் பின்தான் வந்தது. காவியம் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அந்தச் சூட்டின் எதிரொலியே காவியம் என்று நான் அடித்துக் கூறப்போவதில்லை; கவிதை பிறக்கும் வழிகளுக்குச் சாட்சி தேடுவது வீண்வேலை. ஆனால் இதை மட்டும் நினைவிலே வையுங்கள்: சுட்டது முடியரசு அன்று. சுதந்தரம், சமத்துவம், சகோதரத்துவம் எனக் கல்லிலே பொறித்துக்கொண்ட ஃபிரெஞ்சுக் குடியரசு! முடி இல்லாத அரசும் சுடும் என்பதைத் தன் ஊரிலேயே கண்ட கவிஞர், தம் காவியத்திலே அரசனை ஓட்டுவதோடு நில்லாமல், ஆட்சி எல்லார்க்கும் பொது என்பதை அழுத்திச் சொன்னதிலே வியப்பில்லை.

இனிக் காவியத்தின் குறை. புகழ்ந்துகொண்டே போவது திறனாய்வு ஆகாது; அது புலவர் மரபு!

'புரட்சிக்கவி'யின் மக்களுக்கு முகம் இல்லை. உதாரன் பேசும் வரை அவர்கள் ஊமைகள். பேசி முடித்ததும் அவர்கள் கடல். ஊமை கடலாகும் இடைக்காலம் எங்கே? அந்தக் கூட்டத்தில் நின்ற உழவன் ஒருவனின் பெயராவது நமக்குத் தெரியுமா? அவன் நேற்று என்ன செய்தான், யாரோடு கூடிப் பேசினான், எதற்கு அஞ்சினான்? ஒன்றும் தெரியாது. உண்மையான முடியரசு ஒன்றை உண்மையான உழவர் எதிர்த்த வரலாற்றைப் பக்கத்திலே வைத்தால் இந்தக் குறை பளிச்செனத் தெரியும்.

காவியம் வெளிவந்த அதே 1937-இல் அமெரிக்காவின் 'டைம்' ஏடு தன் அட்டையிலே ஐதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் படத்தைப் போட்டது. உலகிலேயே பெரிய செல்வர் என்ற பட்டத்தோடு! அந்தச் செல்வரின் நாட்டிலே நிலத்தில் சுமார் பத்தில் நான்கு பங்கு, நிஜாமின் சொந்தப் பண்ணையாகவும் ஜாகீர்தார்களின் உடைமையாகவும் கிடந்தது. எஞ்சிய இடங்களிலும் தேஷ்முக்குகள் ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைத்திருந்தனர். 'வெட்டி' என்று ஒரு முறை. கூலியின்றி உழைக்க வேண்டும். தேஷ்முக்கின் பல்லக்கைத் தூக்க வேண்டும். அவன் வீட்டுக்கு விறகு பிளக்க வேண்டும். துணி வெளுக்க வேண்டும். செருப்புத் தைத்துத் தர வேண்டும். எந்தச் சாதிக்கு எந்த இலவச வேலை என்பதும் வகுக்கப்பட்டிருந்தது. வருணமும் வர்க்கமும் ஒரே நுகத்தடியிலே பூட்டப்பட்ட இரு மாடுகளாக அங்கே உழுதன.

அங்கே மக்கள் ஓர் உரை கேட்டு ஓர் நாளில் எழவில்லை. ஆந்திர மகாசபையின் 'சங்கம்' ஊர் ஊராகப் பரவியது. முதல் கோரிக்கை நிஜாமை நீக்கு என்பதுகூட அன்று. வெட்டியை நிறுத்து, நிலத்தைவிட்டு வெளியேற்றாதே, இவ்வளவே. பாலகுர்த்தியிலே சாகலி ஐலம்மா என்ற பெண், சலவைத் தொழில் செய்யும் குலத்திலே பிறந்தவர், குத்தகைக்கு எடுத்த நிலத்திலே விளைந்த கதிரை விஸ்னூர் தேஷ்முக்கின் ஆட்கள் பறிக்க வந்தபோது விடமாட்டேன் என்று நின்றார். சங்கத்தார் கூடி அறுத்து அவர் வீட்டிலே நெல்லைச் சேர்த்தனர். 1946 சூலை 4 அன்று கடவெண்டியிலே ஊர்வலம் போனவர்கள்மீது அதே தேஷ்முக்கின் ஆட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா மாண்டார். ஒரு தலை வீழ்ந்ததும் நாடு எழுந்தது என்றால் இங்கும் பொருந்தும். ஆனால் அந்தத் தலை வீழுமுன் ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூடியிருந்தது, உறுப்பினர் சேர்ந்திருந்தனர், ஒருவர் நெல்லை மற்றவர் சுமந்திருந்தனர். அந்த ஆண்டுகள் இல்லாவிடில் கொமரய்யாவின் சாவு வெறும் செய்தியாகி மறைந்திருக்கும். சுமார் 3,000 ஊர்களிலே மக்கள் ஆட்சி நடந்தது, 10 இலட்சம் ஏக்கர் நிலம் பகிரப்பட்டது என்று அந்தப் போராட்டத்தை நடத்திய சுந்தரய்யா எழுதிச் சென்றார்.

திருவிதாங்கூரிலும் அதே 1946. ஆலப்புழையின் கயிற்றுத் தொழிலாளரும் மீனவரும் வயல் உழைப்பாளரும், திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் கொணர்ந்த அமெரிக்க மாதிரி அரசியல் திட்டம் வேண்டாம் என்றனர். மக்களால் நீக்க முடியாத திவானைக் காலமெல்லாம் தலையில் சுமக்கும் திட்டம் அது. கூர்தீட்டிய பாக்குமர ஈட்டிகளோடு துப்பாக்கிகளின் முன்னே நின்றனர். அக்டோபர் இறுதியில் புன்னப்புராவும் வயலாரும் குருதியில் நனைந்தன. அடுத்த ஆண்டு சூலையிலே திவான் வெட்டுப்பட்டார். பதவியைத் துறந்து வெளியேறினார்.

முடிவு என்ன? காவியத்துக்கும் வரலாற்றுக்கும் உள்ள தொலைவு இங்கேதான் நெஞ்சைச் சுடுகிறது. 1948 செப்டம்பரிலே இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்தது; ஐந்தே நாளில் நிஜாமின் படை பணிந்தது. உழவர்மீது அதன்பின்னும் வேட்டை தொடர்ந்தது. 1951 அக்டோபரிலே போராட்டம் நிறுத்தப்பட்டது. நிஜாம்? 1950 முதல் 1956 வரை அதே ஐதராபாத்துக்கு இராஜப்பிரமுகர்! திருவிதாங்கூர் மன்னரும் திருவிதாங்கூர்-கொச்சிக்கு இராஜப்பிரமுகராக வீற்றிருந்தார். மன்னர் மானியம் என்று மக்கள் பணம் 1971 வரை போய்க்கொண்டிருந்தது. உழவன் ஈட்டியால் தொட்ட முடியைச் சட்டம் மெத்தையிலே எடுத்து வைத்தது.

ஆகவே தோழரின் கேள்விக்கு நான் கூறும் விடை இரு பகுதி உடையது. காவியம் காரணத்தைச் சரியாகக் கண்டிருக்கிறது. ஏற்றத்தாழ்வுதான் வெடிமருந்து, கவிஞனின் தலை வெறும் தீக்குச்சி என்பதை உதாரனின் உரையே காட்டுகிறது. வழியை அது காட்டவில்லை. காட்டியிருக்கலாமே என்றால், நானூறு ஐந்நூறு அடிகளிலே நாலைந்து ஆண்டு அமைப்பு வேலையைப் பாடச் சொல்வது கவிஞரிடம் பொதுச்செயலாளரின் ஆண்டறிக்கையைக் கேட்பதாகும்! ஆனால் படிக்கும் நாம் அந்த இடைவெளியை அறிந்து படிக்க வேண்டும். கொலைக்களத்திலே உதாரனின் உரை மூண்டதற்குக் காரணம், கூடி நின்றவர்கள் ஏதோ ஒரு வகையிலே முன்பே அந்த உரையைத் தமக்குள் பேசிக்கொண்டிருந்ததுதான். அந்த உள்பேச்சை வீதியில், வயலில், ஆலையில் நடத்தியவர்களைக் காவியம் மேடையேற்றவில்லை.

கொலையாளிகளைப் பற்றியும் ஒரு சொல். அரசனின் வாளைப் பிடித்திருந்த அவர்களும் கூலிக்காரர்கள். நிஜாமின் காவலனும் திவானின் சிப்பாயும் பெரும்பாலும் உழவன் பெற்ற பிள்ளைகளே. பாரிசிலே 1789 சூலையில் அரசனின் காவற்படை வீரர் பலர் மக்களோடு சேர்ந்துகொண்டதால்தான் பாஸ்டீல் வீழ்ந்தது. வயலாரிலே சிப்பாய் சேரவில்லை, சுட்டான். உதாரனின் கேள்விகள் அந்த வாள் பிடித்த கையையும் நோக்கியவை என்று கொண்டால் காவியம் இன்னும் விரிகிறது. கல் பிளந்த கை எவர் கை என்று கேட்டவன், வாள் பிடித்த கை எவர் கை என்றும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் உண்டு.

இரும்புலியூர் வட்டத்தார் அடுத்து 'பாண்டியன் பரிசு' படிக்கப் போவதாகச் சொன்னார்கள். நன்று. அது ஆறாண்டு கழித்து, 1943-இல் வந்தது. அங்கே முடிசூடும் இடத்தில் நிற்பவனே முடியாட்சியைக் குடியாட்சியாக மாற்றுகிறான். உரிமை அரண்மனைப் படியிலிருந்து இறங்கி வருகிறது. இங்கே அது கொலைக்களத்து மண்ணிலிருந்து எழுகிறது. ஒரே கவிஞர் இரண்டு விதமாகப் பாடியது ஏன் என்று அந்தத் தொழிலாளித் தோழரே அடுத்த கூட்டத்தில் தொடங்கி வைக்கட்டும். அவர் கேள்வி கேட்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது.